சம்பந்தம் பேச வந்தவருக்குக் கொடுத்த விதை வெங்காயம்

என் அன்பான இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். செத்துப்போய்விட்டீர்கள் என்பதற்காக இனிப் பெயர் சொல்லிப் பழக என்னால் ஏலாது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இன்றைக்குத்தான் உங்களோடு சண்டை பிடிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்ன கேட்டீர்கள்? "சுதன் மண்வெட்டி பிடிக்கக்கூடாது. உம்மடை தம்பியிட்டைக் கனடாவுக்கு அனுப்பிப்போடும். எனக்குச் சத்தியம் பண்ணும்." நானும் பண்ணினேன். உங்கள் மகனோ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு வேலணைத் தோட்டத்தில் வெங்காயம் நட்டான். பாஸ்போட்டை நீட்டினால், "நான் போகேல்ல அம்மா. எனக்கு இது பிடிச்சிருக்கு" என்கிறான். பிடித்திருக்கிறதாம். குனிந்து குனிந்து உங்கள் நாரி எலும்பை முறித்த மண்ணில் இவனுக்கு என்னதான் பிடித்ததோ?

அவனோடு படித்த பெடியள் காலை பஸ்ஸில் சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கடைகளில் பில் போடப் போகிறார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்தாலும் அது உத்தியோகம். இவன் விடியப்புறம் எழும்பி, தண்ணீர் இறைத்து, வெங்காயத்தை நல்ல விலைக்கு விற்றாலும் சும்மா வீட்டோடு நிற்கிறான் என்றுதான் சனம் கதைக்கிறது. முன்வீட்டுப் பெட்டையை அவனுக்குக் கேட்டபோது என் முகத்துக்கு நேரே சொன்னாள். "ஆள் நல்ல ஆள்தான் மாமி. ஆனா தோட்டக்காரனைக் கட்டினா நானும் தோட்டத்துக்குள்ள இறங்கோணுமெல்லே." அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் இறங்கிப் பார்த்தவள்தானே.

போன கிழமை காரைநகரிலிருந்து பெண்ணின் தகப்பன் ஒருவர் சம்பந்தம் பேச வந்தார். அவரும் தோட்டக்காரர் என்றதும் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வடை சுட்டேன், கதிரைகளைத் துடைத்துப் போட்டேன். மனிதர் கதிரையில் இருந்தால்தானே? வந்ததும் நேரே தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். அவரும் சுதனும் பாத்தி பாத்தியாக நடக்கிறார்கள், பூச்சியைப் பற்றிக் கதைக்கிறார்கள், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் மனதுக்குள் கலியாணத்துக்கு நாளே பார்த்துவிட்டேன்.

திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார். "தம்பியைப்போலத் தோட்டம் செய்யிற பெடியனை நான் இந்தத் தீவுப்பக்கம் காணேல்ல, அக்கா. ஆனா பிள்ளையை ஒரு உத்தியோகக்காரருக்குத்தான் குடுக்க இருக்கிறம். குறை நினைக்காதேங்கோ."

படலை வரை போனவர் திரும்பி வந்து, விதை வெங்காயம் கொஞ்சம் தர ஏலுமோ என்று கேட்டார்.

இஞ்சேருங்கோ, கேட்கிறீர்களா? மாப்பிள்ளை வேண்டாமாம், அவன் விளைவித்த வெங்காயம் மட்டும் வேண்டுமாம். உங்கள் மகனும் சிரித்துக்கொண்டு, விதைக்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்ததில் நல்லதாகப் பார்த்து அவிழ்த்துக் கொடுத்தான்.

அவர் போனதும் நான் பிடித்து ஏசினேன். "உனக்கு ரோசம் இல்லையோடா?"

"அவர் அதைக் கொண்டுபோய் நடப்போறார். அதுக்கேன் கோவம்?" என்றான். பிறகு படியில் இருந்துவிட்டான். காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான். "தோட்டக்காரரே தோட்டக்காரனுக்குக் குடுக்காட்டி வேற ஆர் அம்மா குடுப்பினம்? மாமாவுக்கு ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் போறன்."

இரண்டு வருடமாக நான் காத்திருந்த சொல் அதுதான். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது அவன் விரும்பிச் சொன்னதில்லையே.

காரைநகர் மனிதர்மேல் வந்த கோபம் அப்படியே உங்கள்மேல் திரும்பிற்று. நீங்களும் அவரைப்போலத்தானே? மற்றவன் தோட்டத்தைப் புகழ்வீர்கள், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் அது ஆகாது. உங்கள் நாரிநோவுக்காக அவன் ஏன் நாட்டைவிட்டுப் போகவேண்டும்?

இன்று காலை தம்பிக்கு நானே போன் எடுத்தேன். "சுதன் வரமாட்டான், நீ இனிப் பாத்துக்கொண்டிருக்காதை" என்றேன். சுதனுக்கு இன்னும் தெரியாது. இதை எழுதி முடித்ததும் தோட்டத்துக்குப் போய்ச் சொல்வேன்.

உங்களுக்குச் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். பதிலுக்கு இன்னொன்று தருகிறேன். இனி யார் வந்து மகன் என்ன செய்கிறான் என்று கேட்டாலும், குரலைத் தாழ்த்தாமல் தோட்டக்காரன் என்று சொல்வேன். அதனால் அவனுக்குப் பெண் கிடைக்காமல் போனால் அந்தப் பழி என்னோடு இருக்கட்டும். உங்களுக்குக் கோபமென்றால் வைத்திருங்கள், நான் வந்தபிறகு பேசித் தீர்ப்போம்.

உங்கள் சொல் கேளாத மனைவி,
பவளம்