பயத்தில் வருகிற 'ப'

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறோம். இதை நானேதான் தட்டுகிறேன், நீ கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்த வாசிக்கும் மென்பொருள் நான் அடிக்கிறதையெல்லாம் திருப்பிச் சொல்கிறது, அதனால் பிழை இருந்தால் பாதியை அதன் தலையில் போடு. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்றவனுக்கே கண் மங்கியதை அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள், இப்போது கடை அவள் கையில், என்னைவிட நன்றாகவே பேரம் பேசுகிறாள். இடது கண் இனித் தேறாது, வலதை இப்படியே காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வேலையை விட்டுவிட்டு வந்து படித்துக்காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் வேண்டாம், படிக்கத்தான் இது இருக்கிறதே. ஒரே தொல்லை, இதற்கு 'ப' வரவில்லை. பல்லுக்குச் சொல்கிற 'ப'வையே பயத்துக்கும் போட்டது, புத்திக்கும் பாக்கியத்துக்கும் அதே கதி. இது யார் யாரோ சம்பளமில்லாமல் செய்து சும்மா கொடுப்பது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நீதானே சொன்னாய், நானும் எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் கொட்டி அவர்களுக்கு எழுதிவிட்டேன். அதைப் பராமரிக்கிற பெண் பொறுமைசாலி. இதையே வேற யாராவது சொல்லியிருக்காங்களான்னு முதல்ல தேடிப் பாருங்க ஐயா, ஒரு தடவைக்கு ஒரு குறை போதும், இப்ப எப்படிக் கேட்குது, எப்படிக் கேட்கணும்னு எழுதுங்க என்றாள். நான் சும்மா இருப்பேனா, சொல்லின் முதலில் வருகிற 'ப' எல்லாம் பயத்தின் 'ப'தான் என்று, எந்தச் சொல்லை எப்படிச் சொல்வதென்று அதற்குச் சொல்லித்தருகிற உச்சரிப்புக் கோப்பில் ஒரு விதியே எழுதி, ஓட்டிக்கூடப் பார்க்காமல் அனுப்பினேன். அப்புறம் கேட்டால் பால், பழம், பாட்டு எல்லாம் கெட்டுப்போயிருந்தது, அது உன்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்ட அழகில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்காமல் காரணத்தோடு திருப்பி அனுப்பினாள். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் அவள் சொன்னது நியாயம். விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு 'பயம்' என்ற ஒரே சொல்லை மட்டும் சேர்த்து, இங்கேயே ஓட்டிக் கேட்டுவிட்டு அனுப்பினேன். பதில் வரத் தாமதமானது, நான் நச்சரிக்காமல் இருந்தேன் என்றால் அம்மாவே நம்பவில்லை. போன வாரம் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், திருத்தியவர்கள் வரிசையில் 'கண்ணாடிக்கடை அப்பா' என்று என் பெயரும் இருக்கிறது.

திருத்திய பிறகு எப்படி வாசிக்கிறது என்று பார்க்க உன் பழைய மெயில்களைப் படிக்கவிட்டேன். உங்களுக்குப் பார்வை போயிடுமோன்னு பயமா இருக்குப்பா, தனியா உட்கார்ந்து அழுதேன் என்று ஒன்றில் எழுதியிருக்கிறாய். முதல் தடவை இந்த மெயில் வந்தபோது பயத்தைப் பல்லாக்கிப் படித்ததற்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நீ சொன்னது காதிலேயே ஏறவில்லை. இப்போது சரியாகச் சொன்னது. அதோடு நிறுத்திவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, பாப்பா. வேலையை மட்டும் விடாதே. லீவு போட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. படித்துக்காட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும். புத்தியும் பாக்கியமும் இன்னும் பாக்கி, அதையும் சேர்ந்தே அனுப்பலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். என்றைக்கு வருகிறாய் என்று மறக்காமல் எழுது, பயமாக இருந்தால் அதையும் எழுது, இனிமேல் எனக்குச் சரியாகக் கேட்கும்.

உன்,
கண்ணாடிக்கடை அப்பா