திருநீறு பூசிய மூட்டு

ஏனுங்க மாமா,

ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டதில் பசி தாங்காமல் ஆசுபத்திரியையே இரண்டாக்கியிருப்பீர்கள். அது கிடக்கட்டும். யார் வந்து தூக்கினாலும் ஸ்ட்ரெச்சரில் ஏறாதீங்க.

உங்கள் இடுப்புக்கென்று அளவெடுத்துச் செய்த உலோக மூட்டு, நான் துடைத்து அடுக்குகிற சிங்காநல்லூர் பட்டறைக்குத்தான், எலும்போடு ஒட்டுவதற்காக அயனிக்கற்றை பாய்ச்ச வந்தது. பெட்டியில் உங்கள் பேரைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்குமா? கையுறையைக் கழற்றி, கருப்பராயனைக் கும்பிட்டு, அதில் திருநீறு பூசி மெஷினுக்குள் வைத்துவிட்டேன்.

மூட்டு ஆசுபத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு, இன்று காலையில் இன்ஜினியர் மதன்குமாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்கக்கா, கை பட்டாலே அந்த எடத்துல அயனி சரியா எறங்காதுங்க. எலும்பு ஒட்டாம மூட்டு ஆடிப்போயிருமுங்க.”

அவர் ஆசுபத்திரிக்குப் போன் போட்டபடியே இருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. நான் ஓடிவந்து சொன்னால் நர்ஸம்மா சிரிக்கிறார்.

“நேத்து மூட்டுக்குப் பதிலா புருசனையே புதுசா மாத்திக் குடுங்கன்னீங்க, இன்னைக்கு மூட்டு வேண்டாங்கறீங்களாக்கா?”

என் வாய் செய்த வேலை. இந்தச் சீட்டை மட்டும் உங்களிடம் தருவதாகச் சொல்கிறார்.

இருபது வருசத்தில் நான் சொன்ன ஒன்றையும் நீங்கள் கேட்டதில்லை. இதை மட்டும் கேளுங்க. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்துங்க, எனக்குக் கேட்கிற மாதிரி.

கதவுக்கு வெளியே நிற்கிற
உங்கள் ஊட்டுக்காரி