வட்டத்தின் நடுவில் ஒரு கல்

உன் குழிமேட்டில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதன்மேல் சாரணச் சிறுவர்கள் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். யாரோ ஒரு பெரியவர் அதைக் கூட்டத்துக்கு விளக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதே அடையாளத்தை நீ ஒருமுறை எனக்கு வைத்திருக்கிறாய்.

நாம் பள்ளிச் சாரணர்களாக இருந்த காலம். கண்டியிலிருந்து திகனவுக்குச் சைக்கிளில் போய், நீர்த்தேக்கக் கரையில் கூடாரம் அடித்து, ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. முகாமில் சிறந்தவனை வெளிநாட்டில் நடக்கும் ஜம்போரி என்ற சாரணர் பெருமுகாமுக்கு அனுப்புவதாகச் சாரண மாஸ்டர் சொல்லியிருந்தார். நீயா நானா என்பதுதான் பேச்சு. உனக்கு கியர் வைத்த புதுச் சைக்கிள். எனக்கு, எங்கள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துக்குப் பாண் ரொட்டி கொண்டுவருபவரிடம் அப்பா கெஞ்சி வாங்கித் தந்த இரவல் சைக்கிள். ஏற்றம் வந்தால் செயின் கழன்றுவிடும்.

அணித் தலைவன் நீ. முன்னால் போய்ச் சந்திதோறும் கல்லாலும் குச்சியாலும் வழி காட்டுவது உன் வேலை. கடைசியாக வருபவன் அவற்றைக் கலைத்துவிட வேண்டும். "சாரணன் வழி கேக்க மாட்டான்டா, பாத்தே கண்டுபிடிப்பான்" என்று பெருமையாகச் சொல்வாய். அன்று என்னைக் கடைசி ஆளாகப் போட்டவனும் நீதான்.

தென்னக்கும்புர பாலத்துக்கு முன்னால் அந்த வட்டம் இருந்தது, நடுவில் கல்லோடு. பாலத்தைக் கடந்தால் திகன. கடக்காமல் திரும்பினால் என் வீட்டு வழி. மழை கறுத்துக்கொண்டு வந்தது. முகாமைக் கைவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எதிரே யாரும் திரும்பி வரவில்லையே என்று தோன்றத்தான் செய்தது. சைக்கிள்களை லொறியில் ஏற்றியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விதிப்படி வட்டத்தைக் காலால் கலைத்து, கற்களை ஓரத்தில் தள்ளிவிட்டு வீட்டு வழியில் சைக்கிளைத் திருப்பினேன். எனக்கிருந்த ஒரே சாட்சி அந்த வட்டம்தான்.

திங்கட்கிழமை மாஸ்டர் என்னை அணியின் முன்னால் நிறுத்தினார். வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உன்னைப் பார்த்தார்.

"நான் அம்புக்குறிதான் சேர் வச்சேன். இவனுக்கு மழைன்னா பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் என் கழுத்துப்பட்டியை உருவி எடுத்துக்கொண்டார். ஜம்போரிக்கு நீ போனாய். திரும்பி வந்து வகுப்புக்கெல்லாம் சொக்லேட் கொடுத்தாய், எனக்கும் ஒன்று. நான் அதைத் தின்றேன். இனிப்பாக இருந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. அதன்பிறகு எனக்காக யாரிடமும் எதுவும் கேட்டுப் போனதுமில்லை. என் பிள்ளை பயந்து ஓடி வந்தவன் என்ற நினைப்போடேயே ஒருநாள் செத்துப்போனார்.

அவர் இருந்தபோதே உன்னைக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பிடித்து நிறுத்திக் கேட்டேனே. அப்போது நீ சாரணர்களுக்கே பெரிய ஆள், தோளில் பட்டை வேறு.

"சும்மா வெளாட்டுக்குத்தான்டா வச்சேன். நீ நெசமாவே போயிருவேன்னு யாரு கண்டா?" என்றாய்.

எங்கள் அப்பாவிடம் மட்டும் வந்து ஒரு வார்த்தை சொல் என்றேன்.

"இவ்வளவு வருசம் கழிச்சு எதுக்குடா? எம்பேருதான் கெடும்."

சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து எனக்குக் கையும் காட்டினாய்.

நேற்று உன்னைப் புகழ்ந்து பேசியவர்களெல்லாம் மஹியாவ மயானத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். எனக்கு உன்மேல் துளி இரக்கமும் வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் வந்தேன். கடைசியில் நான் மட்டும் நின்றேன். கடைசி ஆள் என்ன செய்ய வேண்டும் என்று நீதானே சொல்லித் தந்தாய்.

வட்டத்தை நான் தொடவில்லை. பாவம், பிள்ளைகள் ஆசையாக அடுக்கியது. நடுக்கல்லை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அது பையில்தான் கிடக்கிறது. இனி அங்கே யார் வந்து பார்த்தாலும், நீ வீடு போய்ச் சேர்ந்ததாக வாசிக்க முடியாது.