ஐந்து யோசனைகளும் ஒரு பின்பக்கமும்

3.8.92, திங்கள்
சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம் முழுக்கப் புழுதி. காலையில் பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தேன். சாமான்களுக்குத் தடை; சவர்க்காரம் கண்டு நாலு மாதம்.

பிறகு சைக்கிளில் பட்டினம். சஞ்சிகை ஆசிரியர்: "பிள்ளை, இன்னும் ஒரு இதழுக்குத்தான் பேப்பர் கிடக்கு. அதிலை ஒண்டரைப் பக்கம் மிச்சம். என்ன எழுதலாம் எண்டு மட்டும் குறிச்சுத் தாரும். முழுசா எழுதித் தாளை வீணாக்க வேண்டாம்."

இரண்டு வருடத்தில் அவர் என் யோசனைகளைப் பதினொரு தரம் வேண்டாமென்றுவிட்டார். இதை விட்டால் அடுத்த இதழ் எப்பவோ. ஒருமுறையாவது என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். ஆசைதான், மறைப்பானேன்.

4.8, செவ்வாய்
ஒருபக்கம் எழுதிய பழைய தாள்களில் மேலே கிடந்ததை உருவி எழுதினேன்:
1. நல்லூர்த் திருவிழாவில் தொலையும் செருப்புகள்
2. காங்கேசன்துறைச் சனம் வீட்டைப் பூட்டிக் கையோடு கொண்டுவந்த திறப்புகள்
3. ரியூசன் கொட்டில் காதல்
4. சைக்கிள் கடையில் ஒரு நாள்
5. (சும்மா, எண்ணிக்கைக்கு)

ஆசிரியர் இல்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

5.8, புதன்
அயல்வீட்டு மணியண்ணை சாவகச்சேரிக்குப் போகிறார். அங்கே இருக்கும் தங்கச்சிக்கு நான் எழுதிய கடிதத்தை வாங்க வந்தார். அவள் எட்டு வருடம் கொழும்பில் இருந்துவிட்டு, போன மாதம்தான் ஊருக்கு வந்தவள். இங்கத்தைச் சீவியம் பிடிபடவில்லை அவளுக்கு. ஜாம் போத்தலில் விளக்குச் செய்வது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோக் கேட்பது, எல்லாம் விவரமாக எழுதியிருந்தேன்.

கடிதம் இல்லை. தேடாத இடமில்லை.

மணியண்ணை: "பிள்ளை, நேரம் போகுது."

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் யோசனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அதில் கடைசிப் பந்தி ஆசிரியரைப் பற்றி: 'மனிசன் மூக்கைச் சொறிஞ்சால் வேண்டாம் எண்டு அர்த்தம்.'

பன்னிரண்டாவது தரமும் போச்சு. சாப்பிட மனமில்லை.

7.8, வெள்ளி
ஆசிரியர் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். தாளை விரித்து வைத்திருந்தார். மூக்கைச் சொறிந்தார்.

"உந்த அஞ்சும் வேண்டாம், பிள்ளை."

"ஓம் ஐயா."

தாளைத் திருப்பினார். "இதைத்தான் போடப்போறன்."

"ஐயா, உது எல்லாருக்கும் தெரிஞ்சதெல்லோ?"

"தெரிஞ்சதுதான். ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையே. நாளைக்குச் சொன்னால் ஆர் நம்பப்போகினம்? ஒண்டும் மாத்தாதையும். என்ரை மூக்கை மட்டும் வெட்டிவிடும்."

படியிறங்கி வந்துதான் அழுதேன். நல்ல மனிதர். பதினொரு தரம் திருப்பியதற்கும் சேர்த்து நன்றி. நல்லூரானுக்கு ஒரு தேங்காய்.

31.8, திங்கள்
இதழ் வந்தது! பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே அச்சு. என் பெயரை விரலால் தடவினேன். மை ஒட்டியது. கழுவவில்லை.

ஒரு பிரதி மணியண்ணையிடம், தங்கச்சிக்கு.

5.9, சனி
வெயில். தங்கச்சியின் பதில் வந்தது, அரிசிப் பையைக் கிழித்த தாளில்:

"அக்கா, எனக்கு வரவேண்டிய கடிதத்தை ஊருக்கெல்லாம் குடுத்துப்போட்டு எனக்குக் கடைசியாவோ அனுப்புறாய்? பக்கத்து வீட்டிலை உன்ரை பேரைக் காட்டி 'உவ என்ரை அக்கா' எண்டன். ஒருத்தரும் நம்பேல்லை. கெதியா வா."

நாளை விடியச் சாவகச்சேரி. சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும்.