ஆகத்தம்மாளின் கழுத்து

சியேனா, ஜனவரி 9

அன்புள்ள நெல்லோ,

மலைக்காற்றில் உன் இருமல் எப்படி இருக்கிறது? தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறேன், பங்குச் சாமியாருக்கும் கொடு.

கோயில் சுவரிலிருக்கும் அறுநூறு வருஷத்துப் புனித ஆகத்தம்மாள் ஓவியத்தைப் பார்த்து, நம் பட்டறைப் பலகையில் ஈரக் காரை பூசி, சாமியாருக்கு ஒரு நகல் தீட்டத்தான் போனாய். அதற்குச் சுண்ணாம்பும் மணலும் நிறமும் போதும். முயல்தோல் பசையும் மெல்லிய துணியும் எதற்கடா? பழைய ஓவியத்தின் மேல் அவற்றை ஒட்டிக் காயவைத்து இழுத்தால், தோல்போல உரிந்து வந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் நகலுக்குப் புகை போட்டுப் பழசென்று விற்றவன் நீ. காரணத்தைச் சொல், பிறகு அனுப்புகிறேன்.

உன் அக்கா
எர்சிலியா

மோந்தெரிவோ, ஜனவரி 14

பாசமுள்ள அக்கா,

நீ அக்காவா, போலீஸா? தொத்திறைச்சி அருமை. சாமியாருக்குக் கொடுக்கவில்லை.

பசையைச் சீக்கிரம் அனுப்பு. காரணம் கேட்காதே, ஆகத்தம்மாள் திருநாள் முடிந்ததும் சொல்கிறேன். ஒரு தடவையாவது என்னை நம்பேன்.

உன் அன்புத் தம்பி
நெல்லோ

சியேனா, ஜனவரி 26

நெல்லோ,

நேற்று நீ சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கோயிலுக்கு வந்தேன். அறுநூறு வருஷச் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருக்கும், நகம் இறங்காது. கழுத்தோரம் நகத்தை வைத்து அழுத்தினேன். நேற்றுப் பூசிய காரைபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் பசை அனுப்பாவிட்டால் உனக்கு வேறெங்கும் கிடைக்காதா என்ன?

சுவரில் இருப்பது உன் நகல். பழையவளை எங்கே வைத்திருக்கிறாய்? அப்பா பெயரில் நடக்கும் பட்டறைடா இது. வெட்கமாக இல்லையா?

எர்சிலியா

மோந்தெரிவோ, ஜனவரி 29

அக்கா,

சுவரில் இருந்தது பழையவள்தான். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, காரை உப்பி இற்றுப்போயிருந்தது. உதிராமல் பிடித்து நிறுத்தத்தான் பசையும் துணியும் கேட்டேன். விஷயம் வெளியே தெரிந்தால் திருநாளுக்கு முன்பே கோயிலைப் பூட்டிவிடுவார்கள் என்று சாமியார் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்.

நீ நகம் வைத்த இடத்திலிருந்து, அன்று மாலையே கழுத்து முழுவதும் விழுந்துவிட்டது.

"யாருப்பா இப்படிப் பண்ணுனது?" என்று, உன் கடிதம் வந்த அன்று சாமியார் மறுபடியும் அழாத குறையாகக் கேட்டார்.

"என் ஏணி இடிச்சிருச்சு சாமி" என்றேன்.

"புகை போட்டு வித்தவன்னு ஊரே சொல்லுச்சு. கேக்காம உன்னை நம்புனேன் பாரு" என்றார். இனி இந்தப் பக்கம் எந்தக் கோயிலும் என்னைக் கூப்பிடாது.

சாமியார் நகலையும் வேண்டாமென்றுவிட்டார். உன் பெயருக்கு வண்டியில் ஏற்றிவிட்டேன். அவளுக்குக் கழுத்து முழுசாக இருக்கிறது. வந்ததும் நகம் வைத்துப் பார்த்துக்கொள்.

பசை இனி வேண்டாம்.

நெல்லோ