கட்டில் லிஃப்ட்

கமுகு மரத்தில் வெட்டிய வாரிக்கம்பு இன்றும் காருக்குள் அடங்கவில்லை. அதன் முனை பின் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீ கட்டிய சிவப்புத் துணி வெளுத்துப்போய்விட்டது. பெருங்கடவிளை தாண்டும்போது ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "சாரே, கம்பு வெளிய நிக்குது, சூட்சிச்சோ, யாரு மேலயும் தட்டிராம" என்று சொல்லிவிட்டுப் போனார். கை தானாகப் பின்னால் போய் வாரியைத் தொட்டுப் பார்த்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

பாறசாலையில் ஒருவர் தன் பழைய துணிக்கடைக் கட்டிடத்தை முதியவர்களுக்கான வீடுகளாக மாற்றப் போகிறாராம். உன் ஆறு நிலைக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதானே. உன் அப்பா கட்டிய லாட்ஜ். நம் சின்ன வயதில் ஊருக்கே அதுதான் வானம் முட்டும் கட்டிடம். லாட்ஜ் ஓடாமல் போனபின் நீ அதை மூத்தவர்கள் குடியிருக்கும் இடமாக்கத் துணிந்தாய். கூடப் படித்த இஞ்சினியர் கூலி கேட்க மாட்டான் என்று என்னைப் பிடித்தாய்.

முதல் நாளே சண்டை. பழைய லிஃப்டில் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் நுழையாது. பக்கத்து அறையை இடித்து, ஒவ்வொரு நிலையிலும் ஒரு வீட்டைக் கைவிட்டால்தான் நீள லிஃப்ட் வைக்கலாம் என்றேன். வீடு போவதைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். உனக்குப் பிடிக்காதது வேறு.

"எலே, நீளமா லிஃப்ட் வச்சா எதுக்குன்னு கேக்க மாட்டானா? பிணம் எறக்கவாக்கும்னு சொல்லவா? பின்ன எவன் அதுல பால் பாக்கெட்டும் கொண்டு ஏறுவான்?"

"பிணத்துக்கு அவசரம் கெடையாது. உசுரோட எறக்கணும்னுதான் சொல்லுதேன்."

"அதுக்குப் படி உண்டுல்லா."

உன்னோடு வாதாடுவதைவிடச் சுவரோடு பேசலாம். சுவர் திருப்பித் திட்டாது. மறுநாள் ஸ்ட்ரெச்சர் நீளத்துக்கு ஒரு கமுகு வாரியை வெட்டிக்கொண்டு வந்தேன். நீ அதன் முனையில் சிவப்புத் துணியைக் கட்டி, "பந்தல் போடப் போறியாலே" என்று சிரித்தாய். படித்திருப்பம் ஒவ்வொன்றிலும் அது முட்டியது. ஒரு முனையைக் கைப்பிடிக்கு மேலே தூக்கினால்தான் திரும்பியது. "கம்புக்கு வளையத் தெரியாது மக்கா, மனுசனுக்குத் தெரியும்" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டாண்டில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சரை வாங்கிவரச் சொன்னாய். "நான் கெடக்கேன். எறக்குங்கலே, பாப்போம்."

ஐந்தாம் நிலையில் ஏறிப் படுத்தாய். வேலையாட்கள் நான்கு பேர். பெல்ட்டை மாட்ட வந்தவரிடம், "என்னக் கெட்டாண்டாம், நான் என்ன செத்தா போனேன்?" என்று சீறினாய். நெஞ்சில் கை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் மத்தியானம் தூங்குகிறவன் மாதிரி கிடந்தாய். முதல் வரிசைப் படிகள் சுகமாகத்தான் போயின. திருப்பத்தில் நின்றார்கள்.

"திரிய மாட்டுக்கு சாரே."

"தலைப்பக்கம் பொக்குங்கலே" என்று நீதான் உத்தரவு போட்டாய். தூக்கினார்கள். உன் தலை கைப்பிடிக்கு மேலே, படிகளுக்கு நடுவில் கிணறு போன்ற வெற்றிடத்துக்கு நேராகப் போனது. கீழே தரைத்தளம் வரை ஒன்றுமில்லை. கால்பக்கம் பிடித்தவருக்குப் பெயர்ந்த படியில் கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒருபக்கமாகச் சரிந்தது, நீயும் சரிந்தாய். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாய். நான் பாய்ந்து பிடித்தது உன் வேட்டியை. வேட்டி மட்டும் என் கையோடு வந்தது. யாரோ உன் இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்துவிட்டார்கள்.

நீ அரைக்கால் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தாய். வேட்டியைத் திருப்பிக் கேட்கக்கூடத் தோன்றவில்லை உனக்கு. "தெடமா இருக்க எனக்கே இப்பிடீன்னா, சொகமில்லாதவன் பாதி வழியில போயிருவான்லே" என்றாய். பிறகு வேலையாட்களைப் பார்த்து, "அந்த லிஃப்டு பக்கத்து அறைய இடிச்சுப் பொளிங்க" என்றாய். உன் வாயிலிருந்து வந்த தோல்வி ஒப்புதல் அதுதான், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

லிஃப்டுக்காகப் பழைய தளத்தில் துளை போட்ட நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நிலையாக இரும்புத் தூண் கொடுத்து, முட்டு கொடுத்து, விரிசல் ஓடுகிறதா என்று சுவரைத் தடவிக்கொண்டே திரிந்தேன். நீ கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வீந்துச்சுன்னா ரெண்டு பேரும் ஒண்ணாப் போவலாம்" என்று எனக்குத் தைரியம் சொன்னாய்.

ஊர் வாயை அடைத்த விதத்தில்தான் நீ நீயாக இருந்தாய். குடிபுகும் பால்காய்ப்பு அன்று, குத்துவிளக்கு உள்ளே போன கையோடு, உன் குடும்பத்துத் தேக்குக் கட்டிலைக் கழற்றாமல் முழுசாக லிஃப்டில் ஏற்றினாய். வந்திருந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். "கட்டிலு கொண்டு போவதுக்காக்கும் இந்த நீளம். பழைய கட்டிலு விட்டுட்டு யாருக்கு ஒறக்கம் வரும்?" என்றாய். அன்றிலிருந்து அதற்குக் கட்டில் லிஃப்ட் என்றே பெயர். பால் பாக்கெட்டோடும் ஏறினார்கள், பூசணிக்காயோடும் ஏறினார்கள்.

ஒரு நாள் காலை, அங்கேயே ஐந்தாம் நிலையில் நீ குடியேறியிருந்த வீட்டில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நீ பேச்சின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை விரித்ததும் பெல்ட்டை நீயே இழுத்துக் கொடுத்தாய். லிஃப்டில் நீ மட்டமாகக் கிடந்தாய். பக்கத்தில் எனக்கு நிற்க இடம் இருந்தது. மூன்றாம் நிலையில் கரண்ட் போனது. இருட்டு. உன் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெனரேட்டர் பிடிக்க வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். உன் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"எலே, சரிச்சிராத."

"சரியாது மக்கா, கெட."

விளக்கு வந்தது. லிஃப்ட் இறங்கியது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு நீ உயிரோடு போய்ச் சேர்ந்தாய். துபாயிலிருந்து உன் மகள் மறுநாள் சாயங்காலம் வந்தாள். நீ கண் திறந்து அவளைப் பார்த்தாய், பெயர் சொல்லிக் கூப்பிட்டாய், சாப்பிட்டாயா என்று கேட்டாய். விடியும்முன் போய்விட்டாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா எங்கிட்ட பேசிட்டாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தச் சொல்லை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாறசாலைக்காரர் நல்ல மனிதர். சுற்றிக் காட்டினார், டீ வாங்கித் தந்தார். லிஃப்ட் என்றதும் அவர் முகம் மாறியது. "சாரே, இத்தற நீளம் எதுக்கு? ஆளுவ கேட்டா என்ன சொல்லது?"

"கட்டிலு கொண்டு போவதுக்காக்கும்னு சொல்லும்" என்றேன். "உமக்கு நெசம் தெரியணும்னா ஒரு ஸ்ட்ரெச்சர் வரவழையும். மேல ஏறிக் கெடந்து பாரும். பெல்ட்டு மட்டும் கெட்டிக்கிடும்."

நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் வாரியைத் தோளில் வைத்துப் படியேறினேன். முதல் திருப்பத்திலேயே, நீ துணி கட்டிய முனை சுவரில் முட்டி நின்றது.