பாதிப் பவளம்

போ-யென்,

பத்து மணிக்கு உன் தம்பி போ-ஷெங் வருகிறான். நான்தான் வரச் சொன்னேன். வீட்டில் இல்லாதது போல நடிக்காதே, நீ உயிர்ப்பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் நீல வெளிச்சம் தெருமுனை வரை தெரிகிறது.

பவளமெல்லாம் வெளுத்துச் செத்ததிலிருந்து அவனோடு நீ பேசவில்லை. கடைசியாக அவன் தந்த துண்டில்தான் நோய் இருந்தது என்கிறாய். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் உன் பச்சைப் பவளத்தில் விரலளவு வெட்டிக் கொடுத்தபோது நீயே அவனிடம் சொன்னாய்: "காசெல்லாம் வேணாம்டா. என்னோடது செத்துப்போச்சுன்னா உன்னோடதுல பாதி கொண்டா, போதும்."

அந்தப் பாதியைத்தான் வெட்டிக் கல்லில் ஒட்டி, தண்ணீர்ப் பையில் எடுத்து வருகிறான். வாங்கிக்கொள். பையோடு அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடு. கோபத்தில் அப்படியே கொட்டிவிடாதே.

முள்ளங்கி சூப் அடுப்பில் இருக்கிறது, இரண்டு பேருக்கு. சாவி செருப்பு அலமாரி மேல்.

யி-ஹுவா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். துண்டில் நோய் எதுவும் இல்லை. நீ ஊரில் இல்லாத அன்று, ரைஸ் குக்கரைச் சொருகுவதற்காகத் தொட்டி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கியது நான். அப்படியே மறந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். தண்ணீர் ஓடாமல்தான் பவளமெல்லாம் செத்தது. மறுநாள் வந்து பார்த்துத் திரும்பச் சொருகியவன் போ-ஷெங்.

"சொல்லாதீங்க அண்ணி. என்னைத் திட்டுனா அண்ணன் ரெண்டு நாள்ல மறந்துடுவாரு" என்றான்.

இன்றோடு முப்பத்தொரு நாள்.